மீட்டரை நம்பாதீர்கள்

பனிச்சறுக்குத் தாவல் போட்டிகளை விடாமல் பார்க்கிறவர்களிடம் ஒரு பொருமல் உண்டு. 135 மீட்டர் பறந்தவர் இரண்டாம் இடத்தில் நிற்கிறார், 130 மீட்டரில் இறங்கியவர் மேடை உச்சியில் நிற்கிறார். இது விளையாட்டா, கணக்குப் பரீட்சையா என்பார்கள். தூரம் கண்ணுக்குத் தெரிகிற உண்மை, அதைக் கணினி வந்து திருத்துவது அநியாயம், முன்பெல்லாம் விதி எளிமையாக இருந்தது, நேர்மையாகவும் இருந்தது என்பதுதான் இதன் சாரம். இதில் எளிமை என்ற பகுதி மட்டும் சரி. நேர்மை என்பது கட்டுக்கதை.

போட்டியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஓடுபாதையின் உச்சியில், குறுக்கே கிடக்கும் கட்டையில் வீரர் உட்கார்ந்திருக்கிறார். கையில் ஊன்றுகோல் கிடையாது. கீழே பயிற்சியாளர்கள் நிற்கும் மேடையில் அவருடைய ஆள் கொடியோடு காற்றின் போக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். விளக்கு பச்சையானதும் சில நொடிகள்தான் அவகாசம். கொடி கீழே வீசப்படுகிறது, வீரர் கட்டையை விட்டு நழுவுகிறார். பெரிய மலை என்றால் மணிக்குச் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் விளிம்புக்கு வந்து, எம்பி, உடம்பைப் பலகைகளின்மேல் நீட்டிக் காற்றில் படுத்துவிடுகிறார். அதன் பிறகு அவரைத் தாங்குவது காற்று மட்டும்தான். சரிவில் மேலேறி வரும் எதிர்காற்று தூக்கிப் பிடிக்கும். முதுகுப்பக்கமிருந்து இறங்கும் காற்று தரையோடு அழுத்தும். ஓட்டக்காரருக்குப் பின்காற்று தோழன், இவர்களுக்கு எமன்.

உலகக் கோப்பைப் போட்டியின் முதல் சுற்றில் 50 பேர் ஒருவர் பின் ஒருவராகத் தாவ வேண்டும். அது முடிய முக்கால் மணி நேரமாவது ஆகும். மலையில் காற்று அதுவரை அசையாமல் காத்திருக்குமா? பத்தாவது ஆளுக்கு எதிர்காற்று, பதினோராவது ஆளுக்குப் பின்காற்று என்பது அங்கே அன்றாடம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நம் ஊரில் கிண்டல் செய்வோம். இந்த விளையாட்டில் கூடம் உண்மையிலேயே கோணல். அதுவும் ஆளுக்கு ஆள் வேறு வேறு பக்கம் சாயும் கோணல்.

அந்தப் பொற்காலத்தில் இதற்கு என்ன செய்தார்கள்? ஒன்று, விதியே என்று விட்டுவிட்டார்கள். அல்லது சுற்றையே ரத்து செய்தார்கள். எதிர்காற்று வலுத்து யாரோ ஒருவர் ஆபத்தான தூரம் போய்விட்டால், புறப்படும் கட்டையைக் கீழே இறக்கி ஓடுதூரத்தைக் குறைத்தாக வேண்டும். எல்லாரும் ஒரே உயரத்திலிருந்து புறப்பட்டால்தான் தூரத்தை ஒப்பிட முடியும் என்பதால், அதுவரை தாவியவர்களின் மீட்டர்கள் அனைத்தும் அழிக்கப்படும். வாழ்நாளின் சிறந்த தாவலைச் சற்று முன் தாவியவரும் மறுபடி மேலே போய் வரிசையில் நிற்க வேண்டியதுதான். கண்ணுக்குத் தெரிகிற உண்மை என்று இன்று கொண்டாடப்படும் அந்த மீட்டரை அன்றைய விதி ஒரு கையசைப்பில் குப்பைத் தொட்டியில் போட்டது. இதைப் புலம்பல்காரர்கள் எப்படியோ மறந்துவிடுகிறார்கள்.

சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு 2009 கோடைக்காலப் போட்டிகளில் புது முறையைச் சோதித்தது. வால்டர் ஹோஃபர் போட்டி இயக்குநராக இருந்த காலம் அது. சரிவு நெடுகக் காற்றுமானிகள் வைத்து அளந்து, எதிர்காற்று பெற்றவருக்குப் புள்ளி கழிப்பார்கள், பின்காற்றில் சிக்கியவருக்குக் கூட்டுவார்கள். கட்டையை இறக்கினாலோ ஏற்றினாலோ அதற்கும் புள்ளி உண்டு. ஒலிம்பிக்கில் இது முதன்முதலாக வந்தது 2014 சோச்சியில்.

தொடக்கத்தில் வைத்த கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். மலையின் அளவிலிருந்து, அதாவது பத்திரமாக இறங்கக்கூடிய தூர எல்லையைக் குறிக்கும் மீட்டர் எண்ணிலிருந்து, 36ஐக் கழித்து 20ஆல் வகுத்தால், வினாடிக்கு 1 மீட்டர் காற்றுக்கு எத்தனை மீட்டர் தூரம் என்று வரும். 140 மீட்டர் மலையில் அது 5.2 மீட்டர். ஒரு மீட்டர் தூரத்துக்கு 1.8 புள்ளி என்பதால் 9.36 புள்ளி. மேலே சொன்ன 135காரர் வினாடிக்கு 1 மீட்டர் எதிர்காற்றிலும், 130காரர் அரை மீட்டர் பின்காற்றிலும் தாவியதாக வைத்துக்கொள்வோம். தூரத்தில் முன்னவருக்கு 9 புள்ளி முன்னிலை. காற்றைக் கணக்கில் சேர்த்ததும் பின்னவர் சுமார் 5 புள்ளி முந்திவிடுகிறார். திறமைக்கு வெளியே இருந்து வந்த மீட்டர்கள் கழிந்தன, அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் தானமாகக் கொடுக்கப்படவில்லை.

காற்றுமானி நிற்கிற இடத்தில் மட்டும்தானே அளக்கும், பக்கவாட்டுக் காற்றை என்ன செய்வது, சராசரியில் ஒரு திடீர் வீச்சு கரைந்துபோகாதா? நியாயமான கேள்விகள். இந்தக் கணக்கு முழுமையானது என்று நான் வாதாட வரவில்லை. பின்காற்றுக்குத் தரும் ஈடு போதவில்லை என்று தெரிந்து, அதன் எடையைப் பிற்பாடு கூட்டினார்கள். அதாவது குறை, ரசிகர்கள் திட்டுகிற திசைக்கு நேர் எதிர்த்திசையில் இருந்தது: காற்றுக்கு அதிகமாகத் திருத்தியதல்ல, குறைவாகத் திருத்தியது. அளவு கொஞ்சம் பிசகுகிறது என்பதற்காக அளக்கவே வேண்டாம் என்பது என்ன வாதம்?

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இது பழகிய சண்டை. 1992 உலகக் கோப்பை அரையிறுதி, சிட்னி. 13 பந்தில் 22 ரன் எடுக்க வேண்டியிருந்த தென்னாப்பிரிக்காவுக்கு, மழைக்குப் பிறகு 1 பந்தில் 21 என்றார்கள். அந்தத் தீர்ப்பைத் தந்தது யாருக்கும் புரியும் எளிய விதி. 1997இல் வந்த டக்வொர்த் லூயிஸ் முறை யாருக்கும் புரியவில்லை என்று கேலி செய்தோம். ஆனாலும் பழைய விதி திரும்பி வரட்டும் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

புள்ளித் திருத்தத்துக்குள் உயிர்ப் பயமும் இருக்கிறது. மலையின் அளவைத் தாண்டிப் போனால் சரிவு தட்டையாகிவிடும், விழும் வேகம் முழுவதும் முழங்காலுக்குப் போகும். கட்டையை இறக்கினால் சுற்று ரத்தாகும் என்ற நிலையில், இன்னும் இரண்டு பேர்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று நடுவர் குழு தள்ளிப்போட இடம் இருந்தது. இப்போது தயங்கக் காரணம் இல்லை. பயிற்சியாளரே தன் வீரருக்காகக் கட்டையை இறக்கச் சொல்லலாம். மலை அளவில் 95 சதவீதமாவது பறந்தால்தான் அதற்குரிய புள்ளி கிடைக்கும்.

அப்படியே மீட்டர்தான் உண்மை என்றால், 2024 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் அக்குரேரியில் ரியோயு கோபயாஷி பறந்த 291 மீட்டரை என்ன செய்வது? அவருக்கென்றே செதுக்கிய சரிவில் நடந்த தாவல் அது. சாதனைப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருப்பது 2025 மார்ச்சில் பிளானிட்சாவில் டோமென் பிரெவ்ஸ் தாவிய 254.5. மலை, கட்டை, உடை, பலகையின் நீளம் எல்லாவற்றையும் விதி தீர்மானித்த பிறகே ஒரு மீட்டர் பிறக்கிறது. எடை குறைந்தவர் அதிகம் பறக்கிறார் என்று வீரர்கள் பட்டினி கிடந்தபோது, 2004–05 பருவத்திலிருந்து மெலிந்தவர்களின் பலகையைக் குட்டையாக்கினார்கள். அதுவும் தூரத்தில் கை வைத்த விதிதான். அதை யாரும் கணினியின் சதி என்று சொல்லவில்லை.

முன்பெல்லாம் தூரம்தான் வென்றது என்பதும் உண்மையல்ல. 1980களில் சுவீடனின் யான் போக்லெவ் பலகைகளை இணையாக வைக்காமல் வி வடிவில் விரித்துப் பறந்தார். கூடுதல் தூரம் போனார். நடுவர்கள் என்ன செய்தார்கள்? நடை அழகாக இல்லை என்று புள்ளியை வெட்டினார்கள். அந்த வெட்டையெல்லாம் தாங்கி அவர் 1988–89 உலகக் கோப்பையை வென்றது தனிக்கதை. சில ஆண்டுகளில் எல்லாரும் வி வடிவுக்கு மாறினார்கள், விதியும் பின்னாலேயே வந்தது. காற்றைக் கழிப்பது அக்கிரமம் என்கிறவர்கள், கண்ணுக்குப் பிடிக்கவில்லை என்று கழித்த அந்தக் காலத்தையா தூய்மை என்கிறார்கள்?

அந்த நடைப்புள்ளி இன்றும் இருக்கிறது. ஐந்து நடுவர்கள் ஆளுக்கு 20 வரை தருகிறார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று போக மீதி மூன்றைக் கூட்டினால் அதிகபட்சம் 60. பெரிய மலையில் தூரக் கணக்குக்கு அடிப்படைக் கோடான கே புள்ளியில் சரியாக இறங்கியவருக்குத் தூரத்துக்காகக் கிடைப்பதும் அதே 60. ஐந்து மனிதர்களின் கண்ணுக்குத் தூரத்துக்கு இணையான எடை. அதைப் பற்றி முணுமுணுப்பு குறைவு. கருவி அளந்த காற்றுக்குத்தான் இத்தனை ஆவேசம்.

தூரமே எல்லாம் என்று மனதார நம்புகிறவர்கள் முதலில் நடைப்புள்ளியை ஒழிக்கச் சொல்லட்டும். அதில் துணிவில்லையென்றால், ஒவ்வொரு தாவலுக்கும் ஒவ்வொரு காற்றுமானியும் காட்டிய அளவை, வெறும் சராசரியாக இல்லாமல், மதிப்பெண் தாளிலேயே அச்சிடச் சொல்லிக் கூட்டமைப்பிடம் கேட்கட்டும். நானும் சேர்ந்து கேட்கிறேன். காற்றுப் புள்ளியை எடுக்கச் சொல்லி மட்டும் யாரும் என்னிடம் கையெழுத்து வாங்க வர வேண்டாம்.