கானா ஊர் பேனரும் கடைசிப் பந்தியும்

பாளையங்கோட்டையோ நாகர்கோவிலோ, கிறிஸ்தவக் கல்யாண ரிசப்ஷன் என்றால் சாப்பாட்டு ஹாலில் கானா ஊர்க் கல்யாண பேனர், மெனு கார்டில் வசனம், பிரியாணி ஆறிப்போகும் வரை ஜெபம்... அவ்வளவுதான் விசுவாசம்!

அந்தக் கானாவில் திராட்சரசம் எப்படி வந்ததென்று பந்தி விசாரிப்புக்காரனுக்கே தெரியாது. ஆறு கற்சாடிகளில் தண்ணீர் நிரப்பிய வேலைக்காரர்களுக்குத்தான் தெரியும். இங்கே இலை எடுக்கும் அக்காவுக்குக் கடைசியில் மிஞ்சுவது வெறும் குஸ்கா. (பேனர் காசில் நாலு பேருக்குச் சிக்கன் வைத்திருக்கலாம்.)

விருந்துக்குச் சொந்தக்காரர்களையும் பணக்காரர்களையும் விட்டுவிட்டு ஏழைகளையும் ஊனமுற்றவர்களையும் கூப்பிடச் சொன்னாரே இயேசு, லூக்கா 14-இல்? அது மட்டும் மெனு கார்டில் ஏறுவதில்லை!

ஜெபத்தை ரெண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு, முதல் பந்தியில் மண்டபத்துத் துப்புரவுத் தொழிலாளர்களை உட்கார வையுங்கள். மாப்பிள்ளையின் ஆபீஸ் மேனேஜர் அடுத்த பந்திக்குக் காத்திருக்கட்டும்.