கடல் கடந்து கற்கச் செல்வோர்க்கு

கட்டுகஸ்தோட்டையிலிருந்து அம்மையார் ஒருவர் எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் பெற்றவள்; வரும் செப்டெம்பரில் முதுமாணிப் படிப்புக்காக இங்கிலாந்து செல்லவிருக்கிறாள். எத்தனை கம்பளிச் சட்டைகள் வாங்க வேண்டும், மிளகாய்த்தூளும் நெய்யும் எவ்வளவு கொண்டு போகலாம் என்று அம்மையார் கேட்கிறார். நுவரெலியாவுக்கு ஒருநாட் பயணம் போகும் பிள்ளைக்கே இரண்டு சால்வை மடித்து வைப்பவர்கள் எமது தாய்மார். ஆகவே இக்கேள்விகளில் வியப்பில்லை. இறுதியில் விடை சொல்வோம். அதற்கு முன்னர், கம்பளியைப் பற்றிய பழங்கதையொன்றை நினைவூட்ட விரும்புகிறோம்.

கணிதமேதை இராமானுஜன் 1914ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி சென்னையிற் கப்பலேறி, ஏப்ரல் 14ஆம் திகதி இலண்டன் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 26. கேம்பிரிட்ஜில் அவர் குடியேறிய தொடக்கக் காலத்தில், அங்கு பயின்றுகொண்டிருந்த வங்காள இளைஞரொருவர் அவரைக் காணச் சென்றார். பின்னாளிற் புள்ளிவிபரவியலிற் பெரும்புகழ் பெற்ற மகலனோபிஸ் என்பவரே அவர். கணப்படுப்பின் அருகே ஒடுங்கியமர்ந்திருந்த இராமானுஜனிடம், இரவில் குளிர் தாங்க முடிகிறதா என்று அவர் வினவினார். மேலங்கியை அணிந்து, சால்வையாற் போர்த்துக்கொண்டு படுத்தும் குளிர் விடவில்லை என்று விடை வந்தது. மகலனோபிஸ் படுக்கையறையுட் சென்று பார்த்தார். கம்பளிப் போர்வைகள் பல கட்டிலின்மேல் விரிக்கப்பட்டு, ஓரங்கள் மெத்தைக்கடியிற் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உட்புகுந்து படுக்க வேண்டுமென்பது இராமானுஜனுக்குத் தெரிந்திருக்கவில்லை!

ஹார்டி போன்ற பேராசிரியரையே திகைக்க வைத்த மூளை, அறையைத் துப்புரவு செய்யும் பணியாளிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கக்கூடிய இன்னலை வாய் திறவாமற் சுமந்தது. இதனைப் படித்துச் சிரிக்கலாம். எமக்குச் சிரிப்பு வருவதில்லை. காரணம், எமது மாணவன் ஒருவன்.

ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்தவன் அவன். கூர்ந்த அறிவு. தந்தையின் சேமலாப நிதியும் தாயின் தாலிக்கொடியும் அவனைக் கடல் கடந்து முதுமாணிப் படிப்புக்கு அனுப்பின. ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு "நலம்" என்றே செய்தி வந்தது. ஓராண்டு கழிந்து, ஆய்வுக்கட்டுரையை முடிக்காமலே கடனோடு திரும்பி வந்தான். அவனுடைய மேற்பார்வையாளர் முதல் மாதத்திலேயே, "ஏதும் சிக்கல் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். இவன் இல்லையென்றான். அவரும் இல்லையென்றே நம்பிவிட்டார். "ஏனப்பா சொல்லவில்லை?" என்று கேட்டோம். தலைகுனிந்து நின்றவன், "புரியவில்லை என்று சொன்னால் ஆசிரியரை அவமதிப்பதாகும் என்று நினைத்தேன், சேர்" என்றான்.

அந்த எண்ணம் அவனுக்கு எங்கிருந்து வந்தது? எமது வகுப்பறையிலிருந்தேதான். இருபது ஆண்டுகளாக, கேள்வி கேட்ட மாணவனை, "முதலிற் பாடத்தைக் கவனி" என்று அமர்த்திய ஆசிரியர்களுள் யாமும் ஒருவர். அடக்கமென்று யாம் பாராட்டியது அங்கு அவனுக்கு வாய்ப்பூட்டாயிற்று. மேல்நாட்டுப் பேராசிரியர் பெரும்பாலோர், கேள்வி கேட்காத மாணவனை எல்லாம் அறிந்தவன் என்று கருதுவர்; அல்லது அக்கறையில்லாதவன் என்று கருதுவர். அஞ்சுகிறான் என்று கருதுவோர் அரிது.

ஆதலின், கேட்கும் பழக்கத்தை விமானம் ஏறுமுன்னரே தொடங்குதல் வேண்டும். ஊரின் பெயரையும் கலாசாலையின் தரவரிசையையும் பார்த்து விண்ணப்பிப்பதே எம்மவர் வழக்கம். ஆராய்ச்சிப் படிப்புக்கோ ஊரைக் காட்டிலும் ஆசிரியரே முக்கியம். பேராதனையிற் கற்ற கைலாசபதி, சங்கச் செய்யுளை ஆராய யாரிடம் சென்றார் தெரியுமா? பேர்மிங்ஹாமில் கிரேக்க இலக்கியம் கற்பித்த ஜோர்ஜ் தொம்சனிடம்! தமிழாராய்ச்சிக்குக் கிரேக்கப் பேராசிரியரா என்று அன்று மூக்கில் விரல் வைத்தோரும் இருந்திருக்கலாம். ஆனால் வீரயுகப் பாடல்களை ஒப்புநோக்கிய அவ்வாய்வு 1968இல் ஒக்ஸ்போர்ட்டில் நூலாக வெளிவந்து, தமிழாய்வின் போக்கையே மாற்றியது. அதே ஆசிரியரிடம் சென்ற சிவத்தம்பி, பண்டைத் தமிழர் நாடகத்தை ஆராய்ந்து 1970இற் கலாநிதியானார். தமக்கு வேண்டிய ஒப்பியல் முறை எவரிடம் உண்டென்று அறிந்து சென்றவர்கள் இவர்கள்.

எனவே, நீங்கள் நாடும் பேராசிரியரின் கட்டுரைகள் இரண்டையாவது வாசித்துவிட்டு, அவற்றில் எழுந்த ஐயமொன்றைக் குறித்து அவருக்குச் சுருக்கமாக மின்னஞ்சல் எழுதுங்கள். "மாண்புமிகு ஐயா, தங்கள் பாதார விந்தங்களில்" என்ற பாணி வேண்டாம். அவரிடம் பயிலும் மாணவர் ஒருவருக்கும் எழுதுங்கள். பேராசிரியர் எத்தனை நாட்களுக்கு ஒருமுறை சந்திக்கிறார் என்பதை அவர் சொல்வார்.

பணத்தைப் பற்றிக் கேட்கவும் கூசாதீர்கள். அமெரிக்காவிற் கலாநிதிப் படிப்புக்குச் சேர்வோர் பலருக்குக் கட்டணவிலக்கும், கற்பித்தல் அல்லது ஆய்வுத் துணைக்கான ஊதியமும் கிடைக்கின்றன. முதுமாணிக்கு அத்தகைய உதவி அரிது. ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளிற் கலாநிதி மாணவர் பலர் சம்பளம் பெறும் ஊழியராகவே இருக்கின்றனர். பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் 1959இல் ஏற்பட்டது. இங்கிலாந்து செல்ல விரும்புவோர் அதனை முதலில் ஆராய்க. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, நிதியுதவியோடு தரும் இடத்தை ஏற்பதற்கு ஏப்ரல் 15 வரை அவகாசம் கொடுக்க உடன்பட்டுள்ளன. சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள் என்று நினைவில் வைத்துக்கொண்டால் மறக்காது! அதற்கு முன் விடை தருமாறு ஒருவர் நெருக்கினால், அந்த உடன்பாட்டைச் சுட்டிப் பணிவாகக் கேட்கலாம். தாலிக்கொடியை அடகு வைக்குமுன் இவ்வளவையும் விசாரித்தாக வேண்டும்.

பெயர் விடயத்தில் மலையகத்துக் குடும்பங்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் ஓர் எழுத்து, உயர்தரப் பரீட்சைச் சான்றிதழில் வேறோர் எழுத்து, கடவுச்சீட்டில் மூன்றாவது என்று இருப்பவர் எம்மிற் பலர். தோட்டத்திற் பெயரை எழுதிக்கொடுத்தவர் தமக்குக் கேட்டவாறு எழுதிவிட்டார், இடர்ப்படுவது பேரப்பிள்ளை. தந்தை பெயரை முதலெழுத்தாக வைக்கும் எமது வழக்கமும், குடும்பப்பெயர் கேட்கும் படிவங்களுக்குப் பொருந்துவதில்லை. கடவுச்சீட்டிற் காண்பது எதுவோ அதையே எல்லா இடத்திலும் எழுதுக. மாறுபாடுகளுக்குச் சத்தியக்கடதாசியும், ஆங்கிலமல்லாத பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பும் இப்போதே தேடி வைக்க வேண்டும். இங்கிலாந்துக்கு ஆறு மாதத்துக்கு மேற்படச் செல்வோர் விசாவுக்கு முன்னர் காசநோய்ப் பரிசோதனையும் செய்தாக வேண்டும். அதற்குக் கொழும்பு சென்று வரவேண்டியிருக்கும்.

மீண்டும் இராமானுஜனிடம் வருவோம். 1917இல் அவர் நோய்வாய்ப்பட்டார். காசநோயென்றே பெரிதும் கருதப்பட்டது. 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26இல், 32ஆவது வயதில் மறைந்தார். அவருடைய நோய்க்குறிப்புகளை ஆராய்ந்த டி. ஏ. பி. யங் என்பவர், அது ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கக்கூடும் என்று 1994இல் எழுதினார். இந்தியாவில் இருந்தபோதே இராமானுஜனுக்கு வயிற்றளைச்சல் கண்டிருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். இது உறுதியாக நிறுவப்பட்டதன்று. ஆயினும் மகளை அனுப்பும் தாய், அவளுக்குச் சிறுவயதில் வந்த நோய்கள், போட்ட தடுப்பூசிகள், ஒவ்வாத மருந்துகள் யாவற்றையும் ஆங்கிலத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது மிளகாய்த்தூளினும் முக்கியம். இங்கிலாந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே அவள் அருகிலுள்ள குடும்ப வைத்தியரிடம் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். மனம் சோர்ந்தாற் பேசுவதற்கும் அங்கு பல்கலைக்கழகங்களில் ஆலோசகர் உளர். அவர்களிடம் போவது பைத்தியம் என்று பொருள்படாது.

படிப்பைப் பற்றி ஒரு சொல். இங்கிலாந்தின் முதுமாணி வகுப்புகளிற் பொதுவாக 50 புள்ளி சித்தி, 60 திறமை, 70 மிகத் திறமை. எப்போதும் 90 வாங்கிய பிள்ளை முதற்கட்டுரைக்கு 62 பெற்று இரவெல்லாம் அழுத கதை எமக்குத் தெரியும். இன்னொன்று: பிறர் எழுதியதை மனனஞ்செய்து அப்படியே ஒப்புவித்தல் இங்கு கெட்டிக்காரத்தனம்; மூலத்தைச் சுட்டாமல் அங்கு எழுதினால் அது களவு.

இனி, அம்மையாரின் கேள்விகள். புறப்படும்போது ஒரு நல்ல கம்பளிச் சட்டை போதும். கடுங்குளிருக்கான மேலங்கியை அங்கேயே வாங்கட்டும். பழைய உடுப்பு விற்கும் தருமக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். மிளகாய்த்தூள் முத்திரையிட்ட பொதியில் ஒரு கிலோ கொண்டு போகலாம். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம்; இறைச்சியும் பாற்பண்டங்களும் இங்கிருந்து கொண்டு செல்ல அந்நாட்டில் அனுமதியில்லை. ஆசையாற் கட்டிய போத்தல் விமான நிலையக் குப்பைத் தொட்டியிற் போய் விழும்.

மகளை ஒரு சனிக்கிழமை மாலையில் எம் இல்லத்துக்கு அனுப்புங்கள். முகவரியைப் பத்திரிகை அலுவலகத்திற் கேட்டறியலாம். எம்மிடம் கேட்பதற்குப் பத்துக் கேள்விகளாவது எழுதிக்கொண்டு வரட்டும். அவற்றுள் அற்பமானதென்று அவளே வெட்கப்படும் கேள்வியை முதலிற் கேட்க வேண்டும் என்று சொல்லியனுப்புங்கள்.