கயிறு சுற்றத் தெரியுமா?

“கயிறு சுற்றுவதற்குக்கூடப் பாடமா?” என்று சிரித்துவிடாதீர்கள். நம்மில் பெரும்பாலோர் எப்படிச் சுற்றுகிறோம்? உள்ளங்கையில் பிடித்து, முழங்கைக்கு அடியில் கொண்டுபோய், மறுபடி உள்ளங்கைக்கு. பார்க்க அழகுதான். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் கயிற்றில் ஒரு முறுக்கு ஏறிக்கொள்கிறது. 20 சுற்றென்றால் 20 முறுக்கு! நுனியைப் பிடித்து இழுத்ததும் அத்தனையும் ஒன்றுசேர்ந்து சிக்காகிவிடும்.

கொடிக் கயிறு சிக்கினால் துணி காயத் தாமதமாகும், அவ்வளவுதான். கிணற்றுக் கயிறு அப்படியல்ல. தாம்பரத்துக்குத் தெற்கே, பீர்க்கன்கரணை, பெருங்களத்தூர்ப் பக்கங்களில் கிணறுள்ள வீடுகள் இன்னும் உண்டு. மோட்டார் வந்தபின் வாளியும் கயிறும் மூலைக்குப் போய்விட்டன. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது ஞாபகமிருக்கிறதா? அப்படிப்பட்ட நாட்களில் மின்சாரம் நின்றால் மோட்டாரும் நின்றுவிடும். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். இருட்டில் கயிற்றுச் சிக்கைப் பிரிக்கவா முடியும்?

வழி சுலபம். முதலில் கயிற்றை நீளமாகத் தரையில் போட்டு உதறி, பழைய முறுக்கைப் போக்குங்கள். பிறகு சிக்குக் கோலத்தில் இழையை வளைப்பதுபோல, ‘8’ வடிவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். ஒரு வளைவில் வலப்பக்கம் ஏறும் முறுக்கு, அடுத்த வளைவில் இடப்பக்கம் திரும்பிக் கழிந்துவிடும். கடைசி இரண்டு முழத்தை நடு இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றி, நுனியைச் செருகி, ஆணியில் மாட்டுங்கள். வேண்டும்போது இடுப்புச் சுற்றை அவிழ்த்து, நுனியை இழுத்தால் தடையில்லாமல் வரும்.

தேங்காய் நார்க் கயிறானால், ஈரத்தோடு சுற்றாதீர்கள், நன்றாக உலரட்டும். நைலான் கயிற்றுக்கு ஈரத்தைவிட வெயில்தான் எதிரி. நாளாக ஆக வலுவிழக்கும். ஆகவே நிழலில் வையுங்கள். இரண்டிலும், ராட்டினத்தில் உராயும் இடத்தையும் வாளி முடிச்சையும் விரலால் தடவிப் பாருங்கள். இழை பிய்ந்திருந்தால் தயங்காமல் மாற்றிவிடுங்கள். கிணற்றில் விழுந்த வாளியை எடுப்பது பெரும்பாடு.

ஐப்பசி மழை தொடங்குமுன் ஒரு பகல் ஒழிவில் இதைச் செய்துவிடுங்கள். எந்த ஆணியில் மாட்டினீர்கள் என்பதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லியும் வையுங்கள்.