விடியலுக்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள்?



சென்ற இதழில் வங்கிப் படிவங்களில் வரும் ஆங்கிலச் சொற்களைப் பார்த்தோம். இம்முறை விடியலையும் புதிய தொடக்கத்தையும் குறிக்கும் சொற்களைப் பார்ப்போம். இவை பாட்டுக்கும் கதைக்கும் மட்டும் உரியவை என்று நினைத்துவிட வேண்டாம். 2009இல் போர் முடிந்த பின், உதவி செய்ய வருகிறவர்கள் நம்மிடம் அதிகம் சொன்ன சொற்கள் இவை. நம் வாழ்க்கையைப் பற்றிப் பேசும் சொற்களுக்குள் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டாமா?

எங்கள் பதுளைத் தோட்டங்களில் விடியலோடு ஓர் ஆங்கிலச் சொல் எப்போதோ வந்துவிட்டது. அதுதான் பெரட்டு. 'பரேட்' என்ற சொல் எங்கள் வாயில் அப்படி மாறியது. விடியுமுன் தப்படித்து ஆட்களை எழுப்பி, பெரட்டுக்களத்தில் நிறுத்திப் பேர் எடுத்து, மலைக்கு அனுப்பிய காலம் அது. அந்தப் பெண்களுக்கு விடியல் என்றால் வேலைக்கான கட்டளை. ஆகவே விடியல் எல்லோருக்கும் ஒரே மாதிரி இனிப்பதில்லை.

இப்போது சொற்களுக்கு வருவோம். 'டோன்' என்றால் விடியல். பகலைக் குறிக்கும் 'டே' என்ற சொல்லோடு பிறந்தது. பகலாகிக்கொண்டு வருதல் என்பது பொருள். ஒரு விஷயம் மெல்ல மெல்ல விளங்கும்போதும் ஆங்கிலத்தில் இதே சொல்லைத்தான் சொல்வார்கள். 'டேபிரேக்' என்பதும் விடியல்தான். அதில் உள்ள 'பிரேக்' சட்டி உடையும்போது சொல்லும் அதே 'பிரேக்'. கிழக்கைக் குறிக்கும் 'ஈஸ்ட்', உரோமரின் விடியல் தெய்வமான அரோரா, வடமொழியின் உஷஸ் ஆகிய மூன்றும் ஒரே பழைய வேரிலிருந்து வந்தவை என்று மொழி அறிஞர்கள் சொல்கிறார்கள். உங்களில் உஷா என்று பெயருள்ளவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

'மோர்னிங்' என்றால் காலை. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் துக்கம் காத்தலுக்கும் ஆங்கிலத்தில் 'மோர்னிங்' என்றே ஒரு சொல் உண்டு. இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து வந்தவை. எழுத்தில் ஒரு 'யூ' மட்டும் கூடும். பலருடைய உச்சரிப்பில் வித்தியாசமே தெரியாது. வகுப்பில் இதைச் சொன்னபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. "ரெண்டும் ஒண்ணாத்தானே மிஸ் வருது" என்றார் கிளிநொச்சியிலிருந்து திரும்பி வந்த ஓர் அக்கா. அவருடைய குடும்பம் 1977 கலவரத்துக்குப் பின் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனது. 2009இல் வன்னியிலும் எல்லாவற்றையும் இழந்தது.

அடுத்து, புதிய தொடக்கத்துக்கான சொற்கள். கூட்டங்களில் அடிக்கடி கேட்பது 'பிரெஷ் ஸ்டார்ட்'. 'ஸ்டார்ட்' என்பதன் பழைய பொருள் திடீரெனத் துள்ளுதல். திடுக்கிடுவதைக் குறிக்கும் 'ஸ்டார்ட்டில்' அதன் உறவுச்சொல். பட்டாசுச் சத்தத்துக்கு இன்னும் திடுக்கிடும் ஒருத்தியிடம் "துள்ளி எழு" என்று சொல்வது எளிது. எழுவதற்கு அவளுக்கு நாள் பிடிக்கும்.

இன்னொன்று 'கிளீன் ஸ்லேட்', அதாவது துடைத்த சிலேட்டு. முன்னாளில் மதுக்கடைகளில் வாடிக்கையாளரின் கடனைச் சிலேட்டில் எழுதிவைத்து, கடன் தீர்ந்ததும் அழிப்பார்கள். எங்கள் தோட்டங்களில் சிலேட்டுக்குப் பதில் துண்டு இருந்தது. கங்காணியிடம் பட்ட கடன் அதில் இருக்கும். துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. அந்த முறையை ஒழிக்க 1921இல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. நம் காலத்திலும் இது நடந்தது. நுண்கடன் நெருக்குதலுக்கு எதிராக வடக்கு, கிழக்குப் பெண்கள் வீதிக்கு இறங்கினார்கள். 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாவுக்கு மேற்படாத நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக 2018இல் அரசாங்கம் அறிவித்தது. சிலேட்டு நம் கையில் இல்லை, கடன் கொடுத்தவர் கையில் இருக்கிறது. அழிக்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. ஆனால் கடனை அழிப்பது வேறு, ஆளை அழிப்பது வேறு. காணாமற்போன மகனின் பெயரையும் சேர்த்துத் துடைத்துவிடு என்று யாராவது சொன்னால், நாம் தலையாட்ட வேண்டியதில்லை. மரணச் சான்றிதழ் எடுக்காமலே, ஆளைக் காணவில்லை என்று சான்றிதழ் பெற 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் வழி செய்தது. காத்திருந்த தாய்மாரின் பிடிவாதத்துக்கு அதில் பெரும் பங்குண்டு.

'ரிஹபிலிடேஷன்' என்பதை நாம் புனர்வாழ்வு என்கிறோம். ஆங்கிலச் சொல்லின் வேரில் வாழ்வு இல்லை; மறுபடியும் தகுதியாக்குதல் என்பதே அதன் பொருள். எங்கள் மாவட்டத்தில் பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவவில் அந்தப் பெயரோடு ஒரு நிலையம் இருந்தது. 2000 ஒக்டோபர் 25ஆம் திகதி அங்கு வைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர்கள் 20க்கும் மேற்பட்டோர் கும்பலால் கொல்லப்பட்டார்கள். வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் எல்லோரும் 2005க்குள் விடுதலையானார்கள். பலகையில் நல்ல சொல் எழுதியிருப்பது போதாது. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும்.

கடைசியாக ஒரு நல்ல சொல். 'டேர்ன் ஓவர் எ நியூ லீஃப்' என்றால் புதிய வழியில் வாழத் தொடங்குதல். இங்கே 'லீஃப்' என்பது புத்தகத்தின் தாள். ஆனால் வகுப்பில் இருந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் எல்லோரும் புதுக்கொழுந்து என்றே எழுதியிருந்தார்கள். நான் அதையும் விளக்கமாகச் சேர்த்துக்கொண்டேன். வடக்கிலுள்ள சகோதரிகளுக்காகச் சொல்கிறேன்: தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுவார்கள். பார்த்தால் செத்த மரம் போலக் குச்சியாய் நிற்கும். சில வாரங்களில் அதே பழைய தண்டிலிருந்து கொழுந்து வரும். வேரை யாரும் பிடுங்குவதில்லை. தாளைப் புரட்டினாலும் முன்பக்கம் கிழிவதில்லை, புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு வார்த்தை நம் தமிழைப் பற்றியும். விடிவு என்றால் நமக்குத் துன்பம் தீர்தல் என்றும் பொருள். அதே மொழியில்தான் கணவனை இழந்தவளை 'விடியாமூஞ்சி' என்று ஏசுகிறோம். காலையில் அவள் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்கிறோம். ஆங்கிலம் படிக்கும் முன் இந்தச் சொல்லை நம் வீட்டிலிருந்து எடுத்தெறிய வேண்டும்.

இம்மாதப் பயிற்சி: இந்த இரண்டு வாக்கியங்களையும் வாய்விட்டுப் பத்துத் தடவை சொல்லிப் பழகுங்கள். "ஐ ஆம் ஸ்டார்ட்டிங் அகெய்ன். ஐ ஹவ் நொட் ஃபர்கொட்டன்." நான் மறுபடி தொடங்குகிறேன், நான் மறந்துவிடவில்லை. அடுத்த முறை யாராவது உங்களிடம் 'பிரெஷ் ஸ்டார்ட்' என்றால், இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.