சிறு தலைக்கும் ஒரு கவசம்



ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் குடும்பங்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். ஒரே மோட்டார் சைக்கிளில் தந்தை, தாய், இரு பிள்ளைகள். தந்தையின் தலையில் கவசம் இருக்கும். பல வேளைகளில் தாய்க்கும் இருக்கும். பெட்ரோல் டாங்கின்மேல் அமர்ந்திருக்கும் சிறுவனின் தலையோ வெறுந்தலை. அபராதத்துக்கு அஞ்சி அணியும் கவசம் பெரியவர்களோடு நின்றுவிடுகிறது.

உண்மையில் அதிகக் காவல் தேவைப்படுவது குழந்தையின் தலைக்கே. பிறந்த குழந்தையின் உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு தலைதான். வளர வளர அப்பங்கு குறைகிறதெனினும், சிறு வயதில் தலை கனத்தும், கழுத்துத் தசைகள் வலுக் குன்றியும், மண்டையோடு மெல்லியதாகவும் உள்ளன. ஆகவே பிள்ளை தூக்கி எறியப்பட்டால் தலையில் அடிபடும் வாய்ப்பு மிகுதி.

கவசத்தின் அருமையை உலகம் உணர ஒரு மரணம் காரணமாயிற்று. 1935 மே மாதம் இங்கிலாந்தில், ‘அரேபியாவின் லாரன்ஸ்’ எனப் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ், சைக்கிளில் சென்ற இரு சிறுவர்கள்மீது மோதாதிருக்கத் தம் மோட்டார் சைக்கிளைத் திருப்பியபோது தூக்கி எறியப்பட்டார். தலையில் கவசம் இல்லை. ஆறாம் நாள் இறந்தார். அவரைக் கவனித்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ், பின்னர் இத்தகைய விபத்துக்களை ஆராய்ந்து, 1941-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் இராணுவம் மோட்டார் சைக்கிளில் செல்லும் தன் வீரர்களுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கிற்று.

கவசத்தின் உள்ளே தெர்மோகோல் போன்ற ஓர் அடுக்கு உண்டு. அடிபடும்போது அது நசுங்கி, மூளைக்குச் செல்லும் அதிர்ச்சியைத் தான் ஏற்றுக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கியது மீண்டும் பயன்படாது. ஆதலின் விபத்தில் அடிபட்ட கவசத்தை மாற்றிவிட வேண்டும்.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி நான்கு வயதைக் கடந்த பிள்ளைகளும் கவசம் அணிய வேண்டும். 2023 பிப்ரவரி முதல், ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் கவசமும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்பு வாரும் தேவை. வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது.

“பக்கத்துத் தெருவுக்குத்தானே” என்போர் உண்டு. விபத்துக்குத் தூரம் தெரியாது. “ஓராண்டில் சிறியதாகிவிடுமே” என்போரும் உண்டு. பள்ளிக் காலணியும் அப்படித்தான். அதை வாங்காமல் விடுகிறோமா? வளர்ந்தபின்னும் ஆகுமென்று பெரியதாக வாங்குவதும் தவறு. புருவத்துக்கு மேலாகத் தலையைச் சுற்றி அளந்து, ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ளதை வாங்குங்கள். அது நெற்றியை மூட வேண்டும்; தலையை அசைத்தால் ஆடக்கூடாது. தாடை வாரை மாட்டாத கவசம் தலைக்கு முன்னே பறந்துவிடும். சைக்கிள் ஓட்டும் பிள்ளைக்கும் அதற்குரிய கவசம் வேண்டும்.

தலையில் அடிபட்ட பிள்ளை உடனே எழுந்து விளையாடினாலும் ஏமாந்துவிடலாகாது. மண்டைக்குள் இரத்தம் மெல்லக் கசிந்து, சில மணி நேரம் கழித்தே ஆபத்து வெளிப்படுவதுண்டு. மீண்டும் மீண்டும் வாந்தி, எழுப்பவியலாத் தூக்கம், பேச்சில் குழப்பம், வலிப்பு, காது மூக்கிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். நினைவிழந்த பிள்ளையை உலுக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள், கழுத்தை அசையாமல் வைத்து, 108-ஐ அழையுங்கள்.

பிள்ளைகள் சொல்லைவிடச் செயலையே பின்பற்றுவர். தந்தையும் தாயும் தவறாது அணியும் வீட்டில், பிள்ளை தன் கவசத்தைத் தானே தேடி எடுக்கும். அந்தப் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.