பத்தியத்துக்கு அடுப்பும் வேண்டும்

'உணவே மருந்து' என்று எனக்கு எடுத்துரைக்காத பேராசிரியர் எங்கள் துறையில் இல்லை. டெல்லியில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்டிருக்கும் எனக்குக் கிரோன் நோய் என உறுதியாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அன்பினால் சொல்லப்படும் அறிவுரைதான். எனினும் அதற்கு மறுமொழி கூறும் காலம் வந்துவிட்டது.

கிரோன் நோயும் பெருங்குடல் புண் அழற்சியும் நாவை அடக்காததால் வருபவை அல்ல. உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் பிறழ்ந்து குடலிலேயே அழற்சியை மூட்டுகிறது. உணவுக்கு இதில் பங்கு உண்டு. சிறார்க்கு வரும் கிரோன் நோயில், ஆறு முதல் எட்டு வாரம் ஊட்டத் திரவம் மட்டுமே கொடுத்து அழற்சியைத் தணிப்பது ஏற்கப்பட்ட சிகிச்சை. குடல் சுருங்கியவர் தோல், விதை, நார் மிகுந்த காய்களைத் தவிர்க்க வேண்டும். சுருக்கம் இல்லாதவர், நோய் தணிந்திருக்கும்போது, அவற்றைத் துறக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் பொருந்தும் பட்டியல் எதுவுமில்லை. அமெரிக்காவில் 194 நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2021இல் வெளியான ஆய்வில், தானியங்களை அறவே விலக்கும் கடும் பத்தியம், எளிய மத்தியதரைக்கடல் உணவுமுறையை விஞ்சவில்லை. இத்தகைய பட்டியலை நம்பி மருந்தை நிறுத்துவோர் குடலையே பணயம் வைக்கின்றனர்.

அறிவுரையாளர்களே, நான் உண்பதைத் தீர்மானிப்பவர் யார்? விடுதி மெஸ். ஒரு நாள் ராஜ்மா, மறுநாள் சோலே, எதிலும் மிளகாய். உண்ணாவிடினும் கட்டணம் கட்டாயம். அறையில் கஞ்சி காய்ச்சினால் விதிமீறல். சென்ற பருவத்தில் என் மின்னடுப்பு பறிமுதலாயிற்று. மருத்துவச் சான்றைக் காட்டியபோது, "முந்நூறு பேருக்கு ஒரே சமையல்தான்" என்றார் காப்பாளர். அதே மெஸ்ஸில் நவராத்திரி விரதத்துக்குத் தனிச் சமையல் நடக்கிறது. நோன்புக்கால விடியலுணவும் கிடைக்கிறது. இரண்டும் நடக்கத்தான் வேண்டும். நம்பிக்கைக்கு இடங்கொடுக்கும் அடுக்களை நோய்க்கு மட்டும் ஏன் கதவடைக்கிறது?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இந்நோய் இல்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் கருணை வேண்டி மனு எழுதுகிறோம்.

நாங்கள் கேட்பவை மூன்று: காரமின்றிக் குழைய வெந்த சோறும் தோல் நீக்கிய காயும், மருத்துவச் சான்று உள்ளவர்க்கு மெஸ் கட்டண விலக்கு, தளத்துக்கு ஒரு பொது அடுக்களை. இவற்றுக்காகக் குரல் கொடுக்கும் பேராசிரியர், அதன்பின் 'உணவே மருந்து' என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லட்டும்; கேட்டுக்கொள்கிறேன்.