அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே ஞாயிறு

போன ஞாயிறு வரை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஓர் இறக்கை படுத்திருந்தது. நீளம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். நடுவில் ஒட்டுப்போட்ட தழும்பு. என் மாமியார் ரசச் சட்டியை வைக்க இடம் தேடித் தேடி அலுத்துப்போய், "ஏம்மா, இது எப்பதான் பறந்து தொலையும்?" என்று தினமும் கேட்பார். வானொலியில் காலை நேரத்தில் நான்கு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசுகிற எனக்கு, அத்தையின் கேள்விக்கு மட்டும் பதில் இல்லாமல் இருந்தது.

அந்த இறக்கையின் கதையைச் சொல்வதற்கு முன்னால், எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையின் கதையைச் சொல்லவேண்டும்.

நாங்கள் மாசாயில் இருக்கிறோம். என் கணவருக்கு உட்லண்ட்ஸில் தொழிற்சாலை வேலை. ஜொகூரில் இருக்கும் உங்களில் பலருக்கு இதற்குமேல் விளக்கவேண்டியதில்லை. விடியற்காலை நாலே கால் மணிக்கு மோட்டாரை முடுக்கினால், இரவு எட்டரைக்குத்தான் அதே சத்தம் மறுபடியும் வாசலில் கேட்கும். நூறு வயதைக் கடந்த ஜொகூர் பாலம் எங்கள் வீட்டு மனிதரின் நாளில் பாதியைத் தின்றுவிடுகிறது. வாரத்தில் ஆறு நாள் வேலை. ஞாயிறு மட்டும்தான் ஓய்வு.

ஆனால் அந்த ஞாயிற்றில் மகனுக்குப் பள்ளி. 2014 ஜனவரி முதல் ஜொகூரில் வார விடுமுறை வெள்ளி, சனி என்று மாறியது நினைவிருக்கும். பிள்ளைக்கு விடுமுறை உள்ள இரண்டு நாளும் அப்பா சிங்கப்பூரில். அப்பாவுக்கு விடுமுறை உள்ள ஒரு நாளில் பிள்ளை வகுப்பறையில். என் மகன் முதலாம் ஆண்டில் சேர்ந்த நாளிலிருந்து ஐந்தாம் ஆண்டு வரை இப்படித்தான் ஓடியது. ஞாயிறு காலை பத்து மணிக்கு அவர் எழுந்து வரும்போது வீட்டில் அத்தையும் நானும் மட்டும் இருப்போம். "தம்பி எங்க?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காகத் தானே சங்கடப்பட்டுக்கொள்வார்.

2025 ஜனவரி முதல் தேதி விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறு ஆனது. பதினோரு வருடத்துக்குப் பிறகு வீட்டில் அனைவருக்கும் ஒரே ஞாயிறு. அன்றைக்கு நான் நாசி லெமாக் கட்டி, இரண்டு கறியும் வைத்துக் கொண்டாடினேன். பசியாறி முடிந்தது. அப்புறம்? அப்பா நாற்காலியில், மகன் சோபாவில். இரண்டு பேர் கையிலும் கைப்பேசி. "ஸ்கூல் எப்படிப்பா?" "ஓகேப்பா." அவ்வளவுதான். ஒரே வீட்டில் பன்னிரண்டு வருடம் இருந்தவர்கள், பேருந்து நிலையத்தில் அறிமுகமானவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். வானொலியில் இரண்டு மூன்று நொடி மௌனம் வந்தாலே எங்களுக்கு வியர்த்துவிடும். என் வீட்டு வரவேற்பறையில் அந்த மௌனம் நாலு வாரம் ஓடியது.

ஐந்தாவது ஞாயிறு அவர் ஒரு பெரிய பெட்டியோடு வந்தார். உள்ளே ரிமோட்டில் பறக்கும் நுரை விமானம். விலை அறுநூறு வெள்ளி. அந்த வாரம்தான் மகனின் டியூஷன் பணம் கட்டவேண்டிய வாரம். நான் பேசியதை இங்கே எழுத முடியாது, ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அவர் பதிலுக்குச் சண்டை போடவில்லை. கூலாய் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர் அவர். செனாய் விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் செம்பனை மரங்களுக்கு மேலே போகும்போது, சின்ன வயதில் சைக்கிளில் பின்னாலேயே ஓட்டிப் போவாராம். தென்னை ஈர்க்கும் நாளிதழும் சோற்றுப் பருக்கையும் சேர்த்துப் பட்டம் செய்வாராம். "விமானம் கேட்டா அப்பா எங்க போவாரு? கேக்கவே இல்ல" என்றார். அத்தை சமையலறையில் பாத்திரம் கழுவுவதை ஒரு நிமிடம் நிறுத்தினார். நானும் நிறுத்திக்கொண்டேன்.

யோசித்துப் பார்த்தால், இது பறக்கவிடுகிற ஊர்தான். பக்கத்துப் பாசீர் கூடாங்கில் 'புக்கிட் லாயாங் லாயாங்' என்று ஒரு குன்றே பட்டத்தின் பேரில் இருக்கிறது; பட்டங்களுக்கு ஓர் அருங்காட்சியகமும் உண்டு. நம் பழைய ஐம்பது சென் நாணயத்தில் இருந்தது வாவ் பட்டம். அந்தக் குன்றிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் மட்டும் வானத்தைப் பார்க்க யாருக்கும் நேரமில்லாமல் போயிருந்தது.

அடுத்த ஞாயிறு அப்பாவும் மகனும் தாமான் திடலுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். "அம்மா, எலிவேட்டர்னா மேல கீழ. ஏலரான்னா சாயும். ரடர் வால்ல இருக்கு." "இல்லடா, முதல்ல காத்து எந்தப் பக்கம்னு சொல்லு." அன்றைக்கு மகன் சாப்பிட்டது மூன்று தோசை. பேசியது எத்தனை வார்த்தை என்று நான் எண்ணவில்லை. மூன்று ஞாயிறு இப்படிப் போனது. அறுநூறு வெள்ளியை நான் மறக்க ஆரம்பித்தேன்.

நான்காவது ஞாயிறு நானும் போனேன்.

விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது, இடதுபக்கம் தள்ளினால் அது நம் இடதுபக்கம் திரும்பும். நம்மை நோக்கி வரும்போது எல்லாம் தலைகீழ். இடதுபக்கம் தள்ளினால் நம் வலதுபக்கம் போகும். புதிதாகப் பழகுகிறவர்கள் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அன்றைக்கு மகன் கையில் ரிமோட். விமானம் எங்களை நோக்கி வந்தது. காற்று ஒரு தட்டு தட்டியது. அவன் பதறி மாற்றித் தள்ளினான். அவர் ரிமோட்டைப் பிடுங்குவதற்குள் அது திடலின் ஓரத்து நடைபாதையில் தலைகுப்புற விழுந்து, இறக்கை நடுவில் உடைந்தது.

விழுந்த இடத்திலிருந்து நாலு அடி தள்ளி, ஒரு மலாய்க்காரப் பாட்டி தன் பேரக் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த மக்சிக் திட்டவும் இல்லை. உடைந்த துண்டைக் குனிந்து எடுத்து மகன் கையில் கொடுத்து, மலாயில் "பயப்படாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் கணவர் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். காரில் யாரும் பேசவில்லை. வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகு மகன் கேட்டான்: "அப்பா, அந்தப் பாப்பா மேல விழுந்திருந்தா?"

அவர் பதில் சொல்லாமல் விமானத்தைப் பெட்டிக்குள் வைத்தார். இரவு என்னிடம், "வித்துடுறேன். நீ முதல்லயே சொன்ன" என்றார்.

நான் ஒரு மாதமாகக் கேட்க நினைத்த வார்த்தை அது. ஆனால் கேட்டதும் என் வயிற்றில் ஏதோ செய்தது. விற்றால் அறுநூறில் முந்நூறாவது திரும்பக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை? அந்தச் சோபாவும் அந்த நாற்காலியும் அந்த இரண்டு கைப்பேசியும்தானே திரும்ப வரும்? "விக்க வேணாங்க. ஒழுங்கா கத்துக்குங்க" என்றேன். எனக்கே ஆச்சரியம்.

ஒழுங்காகக் கற்றுக்கொள்ளப் போன பிறகுதான், நாங்கள் எவ்வளவு தவறு செய்திருக்கிறோம் என்று தெரிந்தது. மலேசியப் பொது விமானப் போக்குவரத்து விதிமுறைகள் 2016, பொம்மை போலத் தெரியும் இந்த விமானங்களையும் கணக்கில் வைத்திருக்கின்றன. 400 அடிக்கு மேல், அதாவது சுமார் 120 மீட்டருக்கு மேல், அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வான்வெளிக்குள்ளும் கூடாது. நமக்கு ஒரு பக்கம் செனாய். நீரிணையைத் தாண்டினால் சிங்கப்பூரின் செலேத்தார். 2019 தொடக்கத்தில் பாசீர் கூடாங் வான்வெளியைப் பற்றி இரண்டு நாடுகளும் பேச்சு நடத்தவேண்டி வந்ததே! நம் தலைக்கு மேலே வெறுமையாகத் தெரியும் வானமும் கணக்கில் உள்ள வானம்தான். எங்கே, எப்படிப் பறக்கவிடலாம் என்பதை ஆணையத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு தொடங்குவதே சரி. ஆட்கள் நடக்கிற தாமான் திடல் இதற்கு இடமே இல்லை என்பதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

அதன் பிறகு ஆறு வாரம் விமானம் மேசையில், அப்பாவும் மகனும் கணினியில். அசல் ரிமோட்டைக் கணினியில் இணைத்து, திரையில் பறக்கவிட்டுப் பழகும் மென்பொருள் இருக்கிறது. அதில் எத்தனை முறை விழுந்தாலும் செலவில்லை. இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டே மகனின் விமானம் விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் தூங்கப் போவார். ஞாயிற்றில் மட்டும் இருந்த பேச்சு, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் பரவியது இப்படித்தான்.

நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். என் குரல் பண்பலையில் போகிறது; மகனின் ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸில், வீட்டு வைஃபை ஓடும் அதே அலைவரிசையில் பேசுகிறது. தொடர்பு அறுந்துபோனால் மோட்டார் தானாக நின்றுவிடுமாறு முன்கூட்டியே அமைத்து, பறக்கவிடும் முன் தரையில் சோதித்துப் பார்க்கவேண்டும். எடை நிற்கும் புள்ளியையும் சரிபார்க்கவேண்டும். மூக்கு கனத்தால் மோசமாகப் பறக்கும், வால் கனத்தால் ஒரே ஒரு முறைதான் பறக்கும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களின் பழமொழி. பேட்டரிக்கு எங்கள் வீட்டில் தனிச் சட்டம். லித்தியம் பாலிமர் பேட்டரியில் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அதற்கான சார்ஜரில்தான் போடவேண்டும். உப்பியிருந்தால் தொடவே கூடாது. சார்ஜ் ஏறும்போது பக்கத்தில் ஒருவர் விழித்திருக்கவேண்டும். அந்தக் காவல் வேலையை அத்தை எடுத்துக்கொண்டார். ஓடுபோட்ட தரையில் பேட்டரி, எதிரே நாற்காலியில் அத்தை. பால் காயும்போதுகூட அவர் இவ்வளவு கவனமாக இருந்து நான் பார்த்ததில்லை.

இது காசும் நேரமும் விரயமாகும் விளையாட்டு என்று நினைக்கிற பெற்றோருக்கு ஒரு செய்தி. நடிகர் அஜித்குமார் மாதிரி விமானங்களில் ஆர்வம் உள்ளவர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் ஆலோசகராக இருந்த, சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்‌ஷா' குழு, 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அவசர மருத்துவ உதவிக்கு ஆளில்லா விமானத்தைப் பயன்படுத்துவதுதான் அந்தப் போட்டியின் நோக்கம். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்ததும் அதே எம்.ஐ.டி.யில்தான்.

ஆனால் எனக்குப் பிடித்த கதை வேறு. 1878-இல் அமெரிக்காவில் ஒரு பாதிரியார், தேவாலய வேலையாக அடிக்கடி ஊர் ஊராகப் பயணம் போகிறவர், வீடு திரும்பும்போது ஒரு பறக்கும் பொம்மை வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதம், முறுக்கிய ரப்பர், அவ்வளவுதான். மூத்தவனுக்கு வயது 11, இளையவனுக்கு 7. அது உடையும்வரை விளையாடிவிட்டு, பிள்ளைகள் தாங்களே அதைப் போல இன்னொன்று செய்தார்கள். வில்பர் ரைட், ஆர்வில் ரைட். 1903-இல் அவர்கள் விமானம் முதலில் பறந்தது 12 நொடி. வீட்டில் அதிகம் இருக்க முடியாத ஓர் அப்பா வாங்கி வந்த பொம்மைதான் தங்கள் ஆர்வத்தின் தொடக்கம் என்று அண்ணன் தம்பி இருவருமே பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். இதை என் கணவரிடம் சொன்னேன். "அந்தப் பாதிரியாரும் ஜாம்ல மாட்டினாரா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "பதினொன்னு, ஏழா?" என்று மறுபடியும் கேட்டார்.

போன ஞாயிறு, இறக்கைக்குள் கார்பன் குச்சி வைத்து, நுரைக்கேற்ற பசை போட்டு ஒட்டி முடித்தார்கள். செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் அனுமதி வாங்கிப் பறக்கவிடும் சிலரோடு சேர்ந்துகொண்டோம். அங்கே ஓய்வுபெற்ற ஒரு சீன ஆசிரியர் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு ரிமோட்டை இணைத்துக்கொள்கிறார்கள். பையன் ஓட்டுவான், பெரியவரின் விரல் ஒரு பொத்தானில் இருக்கும். தப்பாகப் போனால் அந்த நொடியே விமானம் பெரியவர் கைக்கு வந்துவிடும். மூன்று முறை அவர் வாங்கிச் சரிசெய்து, மூன்று முறையும் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். நான்காவது முறை விமானம் எங்களை நோக்கி வந்தபோது, மகன் சரியான பக்கம் தள்ளினான். புல்லில் இரண்டு குதி குதித்து இறங்கியது.

மகன் முதலில் திரும்பிப் பார்த்தது அவன் அப்பாவை. அவர் கைதட்டவில்லை, கத்தவில்லை. சுற்றிலும் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு முறை பார்த்துவிட்டு, "இன்னொரு பேட்டரி இருக்கு தம்பி" என்றார்.

திங்கட்கிழமை நாலே காலுக்கு மோட்டார் சத்தம் கேட்டது. வழக்கமாக அந்த நேரத்தில் புரண்டு படுக்கும் மகன், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அப்பா, காத்து இன்னிக்கு மேற்குப் பக்கம்" என்றான். பாலத்தில் போகிறவருக்கு அதனால் என்ன பயன் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அத்தைக்கு மேசை திரும்பக் கிடைத்துவிட்டது. ரசச் சட்டியை நடுவில் வைத்துவிட்டு, நேற்று அவரே கேட்டார்: "அடுத்த ஞாயிறு நானும் வரலாமா?"